பாக்கி இல்லாத கடையில் சிக்கிக்கொண்ட புரோகிராம்

கேள்வி: பட்டர்வொர்த்தில் மளிகைச் சாமான்களை மொத்தமாக விற்கிறோம். மாதக் கடைசியில் கடைகளின் பாக்கிப் பட்டியலை, பல ஆண்டுகளுக்கு முன் மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான அக்செஸில் எழுதிய புரோகிராம்தான் தயாரித்துத் தருகிறது. சென்ற மாதம் ஒரு கடைக்காரர் கணக்கு முழுவதையும் தீர்த்துவிட்டார். இந்த மாதம் பொத்தானை அழுத்தியதும் திரை உறைந்துவிட்டது. பார்க்க வந்த ஏஜெண்ட், தரவுத்தளமே கெட்டுவிட்டது, எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும் என்கிறார். உண்மைதானா?

பதில்: அப்படித் தெரியவில்லை. கணக்குத் தீர்த்தவரைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. உங்கள் புரோகிராம் ஒவ்வொரு கடையின் பதிவாக எடுத்துக் கணக்குப் பார்த்து, அடுத்த பதிவுக்கு நகர்ந்து, பதிவுகள் தீரும்வரை அதையே செய்கிறது, இதுதான் லூப். அடுத்ததற்கு நகரச் சொல்லும் ‘மூவ்நெக்ஸ்ட்’ என்ற வரியைப் ‘பாக்கி இருந்தால்’ என்ற நிபந்தனைக்கு உள்ளே எழுதிவிட்டால், எல்லாக் கடைகளுக்கும் பாக்கி இருக்கும்வரை குறை வெளியே தெரியாது. பாக்கி பூஜ்யமாகிவிட்ட முதல் கடை வந்ததும், லூப் நகர வழியின்றி அதையே ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த ஒரு வரியை, நிபந்தனையை முடிக்கும் ‘எண்ட் இஃப்’ என்பதற்குக் கீழே இறக்கினால் வேலை முடிந்தது.

இதை நீங்களே சோதிக்கலாம். முதலில் கோப்பைப் பிரதி எடுத்து, பிரதியில் மட்டும் கை வையுங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி திறந்து, ஆல்ட்டுடன் எஃப்11 அழுத்தி நிரலுக்குள் சென்று, லூப் தொடங்கும் வரிக்கு அடியில் கடை எண்ணை அச்சிடும் ‘டீபக்.பிரிண்ட்’ வரி ஒன்றைச் சேருங்கள். ஓடவிட்டு, உறைந்ததும் கண்ட்ரோலுடன் பிரேக் விசையை அழுத்தி நிறுத்துங்கள். கண்ட்ரோலுடன் ஜி அழுத்தினால் திறக்கும் சிறு சாளரத்தில் ஒரே எண் வரிசையாக நின்றால், லூப் சிக்கியிருக்கிறது. எண்கள் மாறிக்கொண்டே போனால், அது வெறும் தாமதம். ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ என்ற வரி கண்ணில் பட்டால், அதன் முன்னால் ஒற்றை மேற்கோள் குறியிட்டு அதைச் செயலிழக்கச் செய்யுங்கள். பிழைச் செய்திகளை வாயடைத்துவிட்டுத் தவறான தொகையோடு ஓடவிடும் அந்த வரியை எழுதிவிட்டு, சோதித்துத் தந்ததாகப் பணம் வாங்குவது எனக்குக் கொஞ்சமும் பொறுக்காத வழக்கம்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். சில நிரல்கள் ‘ரெக்கார்ட்கவுண்ட்’ சொல்லும் எண்ணிக்கையை நம்பி அத்தனை முறை சுற்றும். பதிவுகள் அடங்கிய டேபிள் அதே கோப்பில் இருந்து, அதை நேரடியாகத் திறந்தால் அந்த எண்ணிக்கை சரியாக இருக்கும். ஆனால் தரவை வேறொரு கணினிக்கு மாற்றி இணைப்பு கொடுத்தபின், அதே வரி அதுவரை தொட்ட பதிவுகளை மட்டுமே எண்ணும். திறந்தவுடன் கேட்டால் பெரும்பாலும் 1 என்றே சொல்லும். திரை உறையாமல், ஒரே கடையோடு பட்டியல் முடிந்துவிட்டால் காரணம் இதுதான். முதலில் ‘மூவ்லாஸ்ட்’ கொடுத்துக் கடைசிப் பதிவுவரை போய்வந்த பிறகே எண்ணிக்கையைக் கேட்க வேண்டும். பதிவே இல்லாத டேபிளில் அந்தக் கட்டளையே பிழை காட்டும் என்பதால், அதற்கு முன் காலியா என்று பார்க்கவும் வேண்டும்.

இனி அந்த ஏஜெண்ட். சிக்கிய கடை எண் எது என்று காட்ட முடியாதவர், தரவுத்தளம் கெட்டுவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறார்? உங்கள் கோப்பின் பெயர் ஏசிசிடிஈ என்று முடிந்தால், நிரலின் மூல வரிகளை நீக்கி, ஓட மட்டுமே செய்யும் பிரதியையே உங்களிடம் தந்திருக்கிறார்கள். மேலே சொன்ன சோதனை எதையும் அதில் செய்ய இயலாது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆவது பிரிவுப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணம் கொடுத்துச் செய்வித்த படைப்பின் உரிமை செய்வித்தவருக்கே சேரும். வியாபாரம் தொடங்க உரிமம், முத்திரை, படிவம் என்று அலையவைக்கும் அமைப்பு எதுவும் இதைச் சிறு வணிகரிடம் எடுத்துச் சொல்வதில்லை. அந்த அறியாமையில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். எழுதியவரைத் தேடிப் பிடித்து, ஏசிசிடிபி என்று முடியும் மூலக் கோப்பையும் கடவுச்சொல்லையும் எழுத்துமூலம் கேளுங்கள். அவை கைக்கு வரும்வரை புதிய புரோகிராமுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.