தாத்தாவோடு பழைய படம்: தூக்கம் வராமல் பார்க்க

தாத்தா போடும் கருப்பு வெள்ளைப் படங்களில் அரை மணி நேரத்துக்குள் தூங்கிவிடுவதாக எழுதியிருந்தீர்கள். முதலில் டிவி செட்டிங்கைப் பாருங்கள். 1950க்கு முந்தைய படங்கள் பெரும்பாலும் 4:3 அளவில் (அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு) எடுத்தவை. இன்றைய டிவியின் அகலமான 16:9 திரை முழுக்க இழுத்துவிட்டால் முகமெல்லாம் சப்பையாகிவிடும். இரு பக்கமும் கருப்புப் பட்டை தெரிவதுதான் சரி. அசைவை வழவழப்பாக்கும் (மோஷன் ஸ்மூத்திங்) வசதியையும் அணைத்துவிடுங்கள், சினிமாவை சீரியல் மாதிரி ஆக்குவதே அதுதான்.

அடுத்து, முழுப் படத்தோடு தொடங்க வேண்டாம். தாத்தாவுக்கு மனப்பாடமான ஒரே ஒரு காட்சியைக் கேட்டு வாங்கி இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை வசனத்துக்காக. இரண்டாவது தடவை சத்தத்தை நிறுத்திவிட்டு நடிகரின் கண், கை, நிழல் விழும் இடம் இவற்றை மட்டும் கவனியுங்கள். "பிடிக்குமா தாத்தா?" என்று கேட்டால் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். "தியேட்டர்ல எந்த இடத்துல கைதட்டுனாங்க?" என்று கேளுங்கள். அவர் பேச ஆரம்பித்ததும் படத்தை நிறுத்திவிடுங்கள்.