வாசகர் கேள்வி – பதில்: மதுரையா, தூத்துக்குடியா?

கீழக்கரை வாசகர்: மதுரை–சென்னை ஆகாய வழியில் 417 கி.மீ.தானாம். மணிக்கு 800 கி.மீ. போகிற விமானத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் எதற்கு? எங்கள் ஊர்க்காரர்கள் மதுரையில் ஏறுவது நல்லதா, தூத்துக்குடியிலா?

417 சரிதான். நீங்களே போட்டுப் பார்க்கலாம். இரண்டு நிலையங்களுக்கும் அட்சரேகையில் வித்தியாசம் 3.16 பாகை, பாகைக்கு 111 கி.மீ. வீதம் 351. தீர்க்கரேகையில் 2.08 பாகை, நம் பக்கத்தில் பாகைக்கு 109 வீதம் 227. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள், ஒரு கிலோமீட்டர் முன்பின்னாக அதே எண் வந்துவிடும்.

இதை 800-ஆல் வகுத்தால் 31 நிமிடம்தான். ஆனால் அந்த வேகம் உயரே போனபின் கொஞ்ச நேரத்துக்குத்தான் கிடைக்கும். 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ. தாண்டக் கூடாது என்பது பொது விதி. சென்னையில் இறங்க வரிசை இருந்தால் சுற்றி வர வேண்டும். டிக்கெட்டில் உள்ள நேரமோ, விமானம் நிறுத்திய இடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் போய் நிற்கும் வரைக்குமானது; தரையில் ஊர்வதும் அதில் சேரும். ஆகவே வகுத்து வந்த நிமிடத்தோடு 35, 40 கூட்டிக்கொள்ளுங்கள். மணிக்கு 500 கி.மீ. போகும் விசிறி விமானமான ஏ.டி.ஆருக்கு 50 நிமிடத்தோடு இதைக் கூட்டினால் ஏறக்குறைய ஒன்றரை மணி. ஜெட்டைவிட அது கால் மணி, இருபது நிமிடம்தான் பின்தங்கும். ஏ.டி.ஆர். என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

தூத்துக்குடி–சென்னை சுமார் 528 கி.மீ. கூடுதல் 111 கி.மீ.க்கு ஜெட்டில் எட்டு நிமிடம், ஏ.டி.ஆரில் பதின்மூன்று. இதற்காக ஊரை மாற்ற வேண்டாம். பார்க்க வேண்டியது சாலையை. கீழக்கரையிலிருந்து இரண்டு நிலையங்களுக்கும் 120–130 கி.மீ. வரும். மதுரை வழியில் பரமக்குடி தாண்டினால் நான்கு வழி. விரகனூரில் சுற்றுச்சாலையைப் பிடித்தால் நகருக்குள் நுழையாமல் போய்விடலாம். சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெரிசல் குறைவு, ஆனால் இருட்டில் ஆடு மாடு குறுக்கே வரும். விமான நிலையம் ஊரைத் தாண்டி, திருநெல்வேலி சாலையில் வாகைக்குளத்தில் இருக்கிறது. துறைமுக லாரிகளுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். 2025 ஜூலையில் 3,115 மீட்டர் ஓடுபாதையோடு அங்கே புது முனையம் திறந்தாயிற்று. ஆனாலும் மதுரையில்தான் விமானங்கள் அதிகம். ஒன்று ரத்தானால் அடுத்ததில் ஏற வாய்ப்புண்டு. கட்டணம் கணிசமாகக் குறைந்தாலொழிய மதுரையே மேல்.

உச்சிப்புளி வாசகர்: எங்கள் ஊர் ஓடுதளத்தில் நாங்கள் ஏற முடியாதா?

அது ஐ.என்.எஸ். பருந்து, கடற்படைத் தளம். பயணிகள் சேவை இல்லை.

மண்டபம் வாசகர்: கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற யாழ்ப்பாணத்துக்கு எந்த நிலையம் பக்கம்?

யாழ்ப்பாண விமான நிலையம் இருப்பது பலாலியில். நேர்கோட்டில் மதுரை–பலாலி சுமார் 216 கி.மீ., திருச்சி–பலாலி 184 கி.மீ. திருச்சியிலிருந்துதான் 2025 மார்ச் இறுதியில் இண்டிகோ ஏ.டி.ஆர். சேவை தொடங்கியது, பயணம் சுமார் ஒரு மணி நேரம். கிளம்பும் முன் அட்டவணையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகப் போனால் திருச்சி நகருக்கு முன்பே நிலையம் வந்துவிடும். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருங்கள். கைக்கடிகாரத்தை மட்டும் மாற்ற வேண்டாம். இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்றே.