கடன் கொப்பியோடு வாக்குக் கேட்கலாமா?

கேள்வி: வாழைச்சேனையில் மீனவர்களுக்கு ஐஸ் விற்கிறேன். வயது 39. ஒரு காலத்தில் மாவட்டக் கரப்பந்தாட்ட அணியில் விளையாடியவன், ஊரில் இன்றும் அந்தப் பெயர் உண்டு. அடுத்த பிரதேச சபைத் தேர்தலில் எங்கள் வட்டாரத்தில் நிற்கும்படி ஒரு கட்சி கேட்கிறது. கணக்கு வழக்கெல்லாம் பார்க்கும் என் மனைவி ஒரேயடியாக வேண்டாம் என்கிறாள். ஒட்டோ ஜெலினெக் என்ற ஐஸ் ஸ்கேட்டிங் வீரர் வியாபாரியாகி, பிறகு கனடாவில் அமைச்சராகவும் வந்தாராம். மகன் காட்டினான். அவரால் முடிந்தது என்னால் முடியாதா? சந்தைக் குத்தகையும் இந்த வருடம் சபையிடமிருந்து எனக்குத்தான் கிடைத்தது.
– வாசகர், வாழைச்சேனை

பதில்: ஐஸ் விற்பவருக்கு ஐஸில் சறுக்கியவரே முன்மாதிரி. நல்ல பொருத்தம்தான் தம்பி!

ஜெலினெக் 1940இல் பிராக் நகரில் பிறந்தவர். 1948இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததும் குடும்பம் வெளியேறிக் கனடாவில் குடியேறியது. 1962இல் உலகப் போட்டி அதே பிராக்கில் நடந்தது. விட்டு ஓடிய ஊரிலேயே, தங்கை மரியாவோடு இணையாக ஆடிக் கனடாவுக்குத் தங்கம் வென்றார். கைதட்டல் ஓயுமுன் வேட்புமனு போட்டாரா? இல்லை. நாடாளுமன்றம் போனது 1972இல். நடுவில் பத்து வருடம் ஐஸ் காட்சிகளும் வியாபாரமும். பிறகு 1989 முதல் 1993 வரை வரி அறவிடும் இலாகாவுக்கு அமைச்சர். 1991 ஜனவரியில் 7 சதவீதப் பொருள் சேவை வரி வந்தது அவருடைய காலத்தில்தான். கடைத் துண்டில் அந்த வரியைப் பார்த்தவர்களுக்குத் தங்கப் பதக்கமா நினைவுக்கு வந்திருக்கும்?

உங்கள் கரப்பந்தாட்டப் பெயரும் அப்படித்தான். முதல் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும். தெருவிளக்கு எரியாத இரண்டாம் மாதம் அதை யாரும் பேச மாட்டார்கள்.

அதைவிட எனக்கு உறுத்தியது உங்கள் கடைசி வரி. போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். உள்ளூராட்சித் தேர்தல் சட்டத்தில், அந்தச் சபையோடு செய்த ஒப்பந்தத்தில் பயன் அனுபவிப்பவர் உறுப்பினராவதைத் தடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. நேரடியாக மட்டுமல்ல, மறைமுகமாக என்றாலும்தான். ஆகவே “குத்தகையை மச்சானின் பெயருக்கு மாத்திவிடுவம்” என்று கட்சிக்காரர் சொன்னால் தலையாட்டாதீர்கள். வேட்புமனுவில் கையெழுத்து வைக்குமுன் குத்தகைப் பத்திரத்தை ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். கட்சியின் சட்டத்தரணியிடம் அல்ல.

சட்டம் இடம் கொடுத்தாலும் சபையில் உட்காரும் ஆசை இருந்தால் குத்தகையை விட்டுவிடுங்கள் என்பேன். சந்தை வாடகையைக் கூட்டுவதா என்று சபை பேசும் நாளில் எந்தப் பக்கம் கை தூக்குவீர்கள்?

இன்னொன்றும் உண்டு. விடியற்காலையில் ரெஜிபோம் பெட்டியோடு உங்கள் வாசலில் நிற்பவர்களில் எத்தனை பேர் கடனுக்கு ஐஸ் எடுக்கிறார்கள்? அவர்கள்தானே உங்கள் வட்டார வாக்காளர்கள். நீங்கள் வாக்குக் கேட்டுப் போனால், கடனை நினைத்துக் கூசி “சரி தம்பி” என்பார்கள். தேர்தல் முடிந்து நீங்கள் கடனைக் கேட்டால், “வாக்குப் போட்டோமே” என்பார்கள். இரண்டுமே உங்களுக்கு நட்டம்.

மனைவி ஏன் வேண்டாம் என்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை, கேட்டிருக்கவும் மாட்டீர்கள் போல. கடன் கொப்பி அவர் கையில்தானே இருக்கிறது? இன்றிரவு அதை விரித்து வைத்துக்கொண்டு, இருவருமாக ஒவ்வொரு பெயராக வாசித்துப் பாருங்கள்.