கிளவுடில் தரவுத்தளம் அமைத்துவிட்டேன், ரெஸ்யூமில் எழுதலாமா?

தம்பி, உங்கள் கடிதமும் ஸ்கிரீன்ஷாட்டும் கிடைத்தன. மாங்கோடிபி தரவுத்தளத்தைக் கிளவுடில் நடத்தித் தரும் அட்லஸ் சேவையில் முதல் கிளஸ்டரை (ஒன்றாக இயங்கும் சர்வர்களின் கூட்டத்தை) அமைத்து, உங்கள் நூலகச் செயலியை அதோடு இணைத்துவிட்ட மகிழ்ச்சி வரிக்கு வரி தெரிகிறது. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் வேறெதையும் பேசுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் இணைப்பு முகவரி முழுதாகத் தெரிகிறது, அதற்குள் இருக்கும் கடவுச்சொல்லும் தெரிகிறது. இதைப் படித்த கையோடு அதை மாற்றிவிடுங்கள். நிரலை, அதன் பதிப்புகளையெல்லாம் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் ஏற்றியிருந்தால் அங்கும் பாருங்கள். கோப்பிலிருந்து அந்த வரியை அழித்தாலும் பழைய பதிப்புகளில் அது அப்படியே கிடக்கும் என்பதால், கடவுச்சொல்லையே மாற்றுவதுதான் வழி. புதியதை நிரலுக்குள் எழுதாமல், நிரலுக்கு வெளியே இருக்கும் அமைப்பான சூழல் மாறியில் (environment variable) வையுங்கள். அதில் @ குறி இருந்தால் இணைப்பு முகவரியில் %40 என்று எழுத வேண்டும். இந்த ஒரு குறியால் அரை நாளைத் தொலைத்த மாணவர்களை நான் அறிவேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரெஸ்யூமில் தாராளமாக எழுதலாம். ஆனால் 'அமைத்தேன்' என்பதோடு நின்றுவிடாதீர்கள். 2016இல் அட்லஸ் வருவதற்கு முன், மாங்கோடிபியைப் பயன்படுத்த விரும்பியவர்களில் பெரும்பாலோர் சர்வரில் தாங்களே நிறுவி, நகல்களை இணைத்து, பழுதானால் இரவில் எழுந்து பார்க்க வேண்டியிருந்தது. இன்று இலவசக் கிளஸ்டரிலேயே தரவு மூன்று நகல்களாக இருக்கிறது. ஒன்று விழுந்தால் இன்னொன்று பொறுப்பேற்கிறது. அந்த உழைப்பை நிறுவனம் தன் தலையில் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே நேர்முகத்தேர்வில் கேட்கப்படுவது, அது உங்கள் கையில் விட்டுவைத்த முடிவுகளைப் பற்றித்தான்.

மாதிரி நேர்காணலில் ஒரு மாணவியிடம், "உங்கள் தரவுத்தளத்தை எங்கிருந்து வேண்டுமானாலும் அணுக முடியுமா?" என்று கேட்டேன். நன்றாகப் படிக்கிற பெண், ஆனால் பதில் வரவில்லை. எந்த ஐபி முகவரிகளிலிருந்து இணையலாம் என்று சொல்லும் அனுமதிப் பட்டியலில் 0.0.0.0/0 என்று போட்டிருந்தார். வீடியோவில் அப்படிச் செய்தார்கள், அவரும் செய்தார். உலகின் எந்த ஐபி முகவரியிலிருந்தும் கதவைத் தட்டலாம் என்பது அதன் பொருள்; அதன்பின் காவலுக்கு இருப்பது கடவுச்சொல் மட்டுமே. 2017 ஜனவரியில் கடவுச்சொல்கூட இல்லாமல் இணையத்தில் திறந்துகிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி தரவுத்தளங்களை ஊடுருவிகள் அழித்துவிட்டுப் பணம் கேட்டார்கள். அந்தச் செய்தியைத் தெரிந்துகொண்டு, உங்கள் பட்டியலில் எந்த முகவரிகளை ஏன் வைத்தீர்கள் என்று சொல்ல முடிந்தால், கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

அதைவிட ஆழமான கேள்வி ஆவணத்தின், அதாவது மாங்கோடிபியில் சேமிக்கப்படும் ஒவ்வொரு பதிவின், வடிவம். உங்கள் செயலியில் ஒவ்வோர் உறுப்பினரின் ஆவணத்துக்குள்ளேயே அவர் எடுத்த புத்தகங்களை எல்லாம் அடுக்கியிருக்கிறீர்கள். தொடக்கத்தில் இது வசதி, ஒரே வாசிப்பில் எல்லாம் வந்துவிடும். ஆனால் அந்தப் பட்டியலுக்கு முடிவே இல்லை. ஓர் ஆவணத்தின் உச்ச அளவு 16 எம்பி. அந்த எல்லையைத் தொடுவதற்கு வெகுநாள் முன்பே, பெயரை மட்டும் கேட்டாலும் பெரிய ஆவணத்தைப் புரட்ட வேண்டிய சுமை வந்துவிடும். புத்தகத் தலைப்பில் ஒரு பிழையைத் திருத்த வேண்டுமானால் எத்தனை உறுப்பினர்களின் ஆவணங்களைத் தேடிப் போவீர்கள்? உறுப்பினரின் முகவரி உள்ளேயே இருக்கட்டும். இரவல் பதிவுகளைத் தனித் தொகுப்பாக்கி (ஒரே வகை ஆவணங்களை வைக்கும் இடம்), உறுப்பினர் எண்ணால் இணையுங்கள். பிறகு அந்த எண்ணுக்கு, புத்தகத்தின் பொருளடைவு போன்ற இன்டெக்ஸ் போட்டு, போடுவதற்கு முன்னும் பின்னும், தேடல் எப்படி நடந்தது என்று காட்டும் எக்ஸ்பிளெயின் கட்டளையின் முடிவை ஒப்பிடுங்கள். முழுத் தொகுப்பையும் அலசிய தேடல், இன்டெக்ஸ் வழியே நேராகப் போவதைக் கண்ணால் காண்பீர்கள்.

மாங்கோடிபி போன்ற நோ-எஸ்க்யூஎல் தரவுத்தளத்தைக் கற்றுவிட்டதால், அட்டவணைகளில் தரவைக் கையாளும் எஸ்க்யூஎல் மொழி தேவையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். அட்டவணைகளை இணைக்கத் தெரிந்தவருக்குத்தான், எங்கே இணைக்காமல் விடலாம் என்பதும் புலப்படும். செயலியின் சர்வர் பகுதியை எழுதும் பேக்எண்ட் வேலைக்குப் போனால் இரண்டும் ஒரே வாரத்தில் உங்கள் மேசைக்கு வரும். கட்டணப் பயிற்சிக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம்; மாங்கோடிபி நிறுவனமே இலவசப் பாடங்களை வைத்திருக்கிறது. இலவசக் கிளஸ்டரின் 512 எம்பி இடம் பழகுவதற்கு ஏராளம்.

இலவசக் கிளஸ்டரில் தானியங்கிக் காப்பு நகல் கிடையாது என்பதை மறக்காதீர்கள். மாங்கோடம்ப் கருவியால் நீங்களே நகல் எடுத்து, வேறொரு பெயரில் மீட்டுப் பாருங்கள். அது முடிந்ததும், அனுமதிப் பட்டியலையும் ஆவண வடிவத்தையும் ஏன் அப்படி முடிவுசெய்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். அதை வைத்து இருவரும் ஒரு மாதிரி நேர்காணல் நடத்திப் பார்ப்போம்.