திருநெல்வேலியில் இருந்துகொண்டு எலக்ட்ரானிக் இசைக்கு மட்டும் ஒரு சின்ன ரெக்கார்ட் லேபிள் (பாட்டு வெளியிடுகிற நிறுவனம்) நடத்த முடியுமா?

நடத்தலாம். பாளையங்கோட்டையில் இருந்து நானும் ஒரு நண்பனும் ஆறு வருஷமாக நடத்துகிறோம், இதுவரை பதினொரு வெளியீடு. அதில் சோறு கிடைக்குமா என்றால் கிடைக்காது, பகலில் இரண்டு பேரும் வேறு வேலைக்குப் போகிறோம். சென்னைக்குப் போகாமல் முடியுமா, ஸ்டுடியோ வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஸ்டுடியோ இல்லாவிட்டால் பரவாயில்லை, எங்களுக்குப் பாட்டு செய்கிற பசங்க எல்லாரும் லேப்டாப்பில்தான் செய்கிறார்கள். கணக்கு நோட்டு இல்லாவிட்டால்தான் கஷ்டம்.

ஊரைப் பற்றிய பயத்துக்கு ஒன்று சொல்கிறேன். இன்றைக்கு எலக்ட்ரானிக் இசை என்றாலே பேர் அடிபடுகிற வார்ப் ரெக்கார்ட்ஸ் லேபிள் 1989-ல் ஆரம்பித்தது லண்டனில் இல்லை, ஷெஃபீல்டில். இரும்பாலை ஊர் அது. ரெக்கார்ட் கடை வைத்திருந்தவர்கள் ஆரம்பித்தார்கள், முதல் ரெக்கார்டு 500 பிரதி, வேலையில்லாதவர்கள் சுயதொழில் தொடங்க அரசு கொடுத்த உதவிப் பணத்தில் அடித்து, இரவல் காரில் கொண்டுபோய்க் கடை கடையாகப் போட்டார்கள். அந்த ரெக்கார்டைச் செய்த குழுவின் பேரே ஃபோர்ஜ்மாஸ்டர்ஸ், உள்ளூர் இரும்பாலையின் பேர். மறு வருஷமே வார்ப் வெளியிட்ட எல்எஃப்ஓ என்ற குழுவின் பாட்டு பிரிட்டிஷ் பாட்டு விற்பனைப் பட்டியலில் 12-ஆம் இடம் வரை போனது. நமக்கு அந்த அளவெல்லாம் வராது, ஆனால் ஊர்ச் சத்தத்தை எடுத்து வைத்துக்கொண்டால் யாரோ ஒருத்தர் எங்கேயோ காது கொடுக்கிறார்கள், அது உண்மை.

எங்களுக்கு அந்தச் சத்தம் மகுடம் என்கிற தோல் கொட்டு. சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் கணியான் கூத்து பார்த்திருந்தால் தெரியும், உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடம், இரண்டும் மோதிக்கொள்கிற மாதிரி வாசிப்பார்கள். எங்களிடம் பாட்டு செய்கிற மேலப்பாளையம் பையன் அதைப் பதிவு செய்து அதன்மேல் சிந்தசைசர் (மின்னணு ஒலிக்கருவி) போட வேண்டும் என்றான். போனோம், சம்பளம் பேசினோம், மைக்கை எடுத்து வைத்தோம். கூத்துக் குழுவின் தலைவரான அண்ணாவி கேட்டார், "அதெல்லாம் சரி தம்பி, நாளைக்கு இது வெளிநாட்டுல ஓடும்னு சொல்லுதிய, அப்ப எங்களுக்கு என்ன உண்டு?" எனக்குப் பதில் வரவில்லை. அதுவரைக்கும் எல்லாம் வாய்ப்பேச்சுதான், ஒரு காகிதம் கிடையாது. அன்றைக்கே ஒரு பக்கத்தில் எழுதினோம்: செலவு போக வருகிறதில் பாதி பையனுக்கு, கால் கூத்துக் குழுவுக்கு, கால் லேபிளுக்கு, குழுவின் பேர் பாட்டின் பேரோடு வர வேண்டும், பதிவின் உரிமை ஐந்து வருஷத்துக்கு மட்டும் எங்களிடம். முதல் வருஷம் அவர்கள் பங்கு 1,840 ரூபாய். கொண்டுபோய்க் கொடுத்தேன், எண்ணிப் பார்த்துவிட்டு நோட்டில் கையெழுத்துப் போட்டார். பெரிய காசு இல்லைதான், ஆனால் அடுத்த கொடைக்கு அவரே போன் பண்ணி வரச் சொன்னார்.

என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்ல வேண்டும். இரண்டாவது வெளியீட்டில் காசு கொடுத்து வாங்கிய லூப் ஒன்று, அதாவது திரும்பத் திரும்ப ஓடவிடுகிற சின்ன ஒலித்துண்டு, இருந்தது. உரிமம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் அதே லூப்பை யார் வேண்டுமானாலும் வாங்கலாம் இல்லையா? நம்ம ஒலி வேறு வீடியோவில் வந்தால் தானே கண்டுபிடிக்கிற யூடியூப் கன்டென்ட் ஐடி கட்டத்தில் நான் யோசிக்காமல் டிக் போட்டுவிட்டேன். அதே லூப்பைப் போட்டிருந்த முன்பின் தெரியாதவர்கள் வீடியோவுக்கெல்லாம் என் பேரில் உரிமைக் கோரிக்கை போய், புகார் வந்து, எங்கள் பாட்டை இணையத் தளங்களில் ஏற்றித் தருகிற டிஸ்ட்ரிபியூட்டர் எங்கள் கணக்கையே முடக்கிவிட்டான், இரண்டு மாதம் மெயிலுக்குப் பதிலே இல்லை. லூப் இருக்கிற பாட்டுக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பணம். ஸ்பாட்டிஃபையில் 2024-லிருந்து ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவை ஓடாவிட்டால் அதற்குக் காசே கிடையாது, எங்கள் பாட்டில் பாதி அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை. வருகிறதெல்லாம், கேட்கிறவர்கள் நேராகப் பாட்டை வாங்குகிற பேண்ட்கேம்ப் தளத்தில்தான், டிஜிட்டல் விற்பனைக்கு அவர்கள் 15 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். அங்கே பணம் பேபால் என்கிற இணையப் பணச் சேவை வழியாக வரும், பேபால் 2021 ஏப்ரலில் இந்தியாவுக்குள்ளான பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. அதனால் நம்ம ஊர் ஆட்கள் எனக்கு யூபிஐயில் அனுப்புவார்கள், நான் டவுன்லோட் கோடு அனுப்புவேன். கொஞ்சம் பெட்டிக்கடை மாதிரிதான்.

அப்புறம் மாஸ்டரிங், வெளியிடும் முன் பாட்டின் ஒலியைக் கடைசியாகச் சரிபண்ணுகிற வேலை. அந்த மகுடப் பாட்டை ஊரில் ரேடியோ செட் வாடகைக்கு விடுகிற அண்ணாச்சியிடம் கொடுத்து, கொடைக்கு முன்னால் ஒரு தடவை போடச் சொன்னோம். குழாய் ஸ்பீக்கரில் போட்டார். "என்னடே, கொட்டு மட்டுந்தான் கேக்கு, பாட்டு எங்கடே?" என்றார். ஹெட்போனில் நெஞ்சை அடைத்த பேஸ், அந்தக் கனத்த தாழ்ந்த சத்தம், அங்கே சுத்தமாகக் காணோம், குழாயில் அவ்வளவு தாழ்ந்த சத்தம் வராது, போன் ஸ்பீக்கரிலும் அதே கதைதான். திரும்ப வந்து பேஸை லேசாகச் சிதைத்து, அதோடு சேர்ந்து ஒலிக்கிற உயர்ந்த சுரங்கள் தெரிகிற மாதிரி பண்ணினோம். அந்த உயர்ந்த சுரங்கள் கேட்டால் போதும், அடியில் இல்லாததைக் காது தானே சேர்த்துக்கொள்ளும். அடுத்த தடவை போட்டபோது அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை, ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

இப்போது எதை வெளியிடுவதானாலும் அவர் செட்டில் ஒரு தடவை ஓடியாக வேண்டும். சித்திரையிலும் ஆடியிலும் அவருக்குக் கொடைப் பிழைப்பு, ஆள் கையில் சிக்க மாட்டார், அதனால் அந்த இரண்டு மாதமும் எங்கள் லேபிளில் வெளியீடு கிடையாது.