சொல்லும் பொருளும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ‘கலவரம் நடந்தது’ என்று தினமும் படிக்கிறோம். கலவரத்துக்குக் கால் உண்டா? இது பிழையான வழக்கா? (வாசகி, கும்பகோணம்)

பிழை இல்லை. நிகழ்வதையெல்லாம் நகர்வாகப் பார்ப்பது மொழியின் ஆழமான பழக்கம். நடப்பு, நடத்தை, நடைமுறை எல்லாம் ‘நட’ என்ற ஒரே வினையிலிருந்து கிளைத்தவை. உருவகம் கவிஞர்களுக்கு மட்டும் உரியதல்ல, அன்றாடச் சிந்தனையே அதன்மேல்தான் ஓடுகிறது என்று லேக்காஃப், ஜான்சன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1980இல் விரிவாக எழுதினார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது வேறு. தமிழில் நகர்வுச் சொற்கள் பலவும் இணையாக வரும்: நட–நடத்து, ஓடு–ஓட்டு, ஏறு–ஏற்று, திரும்பு–திருப்பு. முதலாவது தன்வினை, தானாக நகர்வது. இரண்டாவது பிறவினை, நகர்த்தியவர் யார் என்று கேட்பது. ‘கட்டணம் ஏறியது’ என்றால் ஏற்றியவர் மறைந்துவிடுகிறார்.

செய்தி எழுதுபவர்கள் இப்படிச் சோதிக்கலாம். நகர்வுச் சொல்லை அடிக்கோடிட்டு, பிறவினையாக மாற்றி வாசியுங்கள். உடனே ஓர் எழுவாய் தேவைப்படும். ஆள் தெரிந்தால் பெயரோடு எழுதுங்கள். ‘வெள்ளம் வந்தது’ போல ஆளே இல்லாத இடத்தில் தன்வினையே சரி. ‘ஏற்றப்பட்டது’ என்பது பாதிக் கிணறு: யாரோ செய்தார்கள் என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். எதிர்ப்பக்கத்திலும் ஆபத்து உண்டு. ஆதாரம் இல்லாமல் ‘கலவரத்தை நடத்தினார்கள்’ என்று எழுதினால், திட்டமிட்ட செயல் என்ற குற்றச்சாட்டு ஒரே வினையில் வந்துவிடும்.

கேள்வி: பணவீக்கம் இறங்கியது என்கிறார்கள். கடையில் விலை இறங்கவில்லையே? (வாசகர், சேலம்)

‘இறங்கியது’ என்ற சொல் செய்யும் குழப்பம் இது. பணவீக்கம் என்பது விலை அல்ல, விலை ஏறும் வேகம். 100 ரூபாய்ப் பொருள் ஓராண்டில் 6 விழுக்காடு ஏறினால் 106. அடுத்த ஆண்டு பணவீக்கம் 4 விழுக்காடாகக் குறைந்தாலும் விலை 110 ரூபாய் 24 காசு. மணிக்கு 60 கிலோமீட்டரில் போன வண்டி 40இல் போனாலும் முன்னால்தான் போகிறது. பழைய 100க்கே திரும்ப, விலை ஏறத்தாழ 9.3 விழுக்காடு குறைய வேண்டும். ‘விலையேற்றத்தின் வேகம் தணிந்தது’ என்று எழுதினால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

கேள்வி: இறந்தகாலம் என்றால் செத்துப்போன காலமா? (மாணவர், மதுரை)

இல்லை. பழந்தமிழில் ‘இற’ என்றால் கடந்து செல்வது. ‘பொறுத்தல் இறப்பினை’ என்ற குறளில் இறப்பு என்பது வரம்பு கடந்த செயல், சாவு அல்ல. தொல்காப்பியம் முக்காலத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்கிறது. நம்மைக் கடந்து போனது இறப்பு, எதிரே வருவது எதிர்வு. எவ்வளவு தெளிவான படம்!

ஆனால் ‘முன்’ என்ற சொல் படத்தைப் புரட்டிப்போடும். முன்னோர் கடந்த காலத்தவர். முன்னேற்றமோ வருங்காலத்தை நோக்கியது. வரிசையில் வருபவர்களில் முன்னே நடப்பவர் முதலில் வந்து சேர்வார், அதனால் ‘முன்’ என்றால் முந்தையது. நாமே நடந்து போகும்போது முன்னிருப்பது இனி வருவது. ஆண்டிஸ் மலையின் அய்மாரா மொழியில் ‘நைரா’ என்ற சொல்லுக்குக் கண், முன்புறம், கடந்தகாலம் என்று மூன்று பொருளும் உண்டு. கண்டது கண் முன்னே, காணாத வருங்காலம் முதுகுக்குப் பின்னே!

அதனால் புதன்கிழமைக் கூட்டத்தை ‘இரண்டு நாள் முன்னே நகர்த்தியுள்ளோம்’ என்று சுற்றறிக்கை அனுப்பாதீர்கள். சிலர் திங்களன்று வருவார்கள், சிலர் வெள்ளியன்று. கிழமையையும் தேதியையும் எழுதிவிடுங்கள்.

கேள்வி: ‘திட்டத்துக்கு முட்டுக்கட்டை’ என்று எழுதுவது நியாயமா? (வாசகர், திருவாரூர்)

உங்கள் ஊர்த் தேரோட்டத்தையே பாருங்கள். சக்கரத்துக்கடியில் கட்டை கொடுப்பவர்கள் தேரை நிறுத்துவது மட்டுமில்லை. ஒரு பக்கம் தடுத்துத் தேரைத் திருப்புவதும் அவர்கள்தான். செய்தியில் இந்தச் சொல் வரும்போது பாதை சரி, தடை மட்டுமே தவறு என்று ஆகிவிடுகிறது. எதிர்ப்பவர்கள் திட்டமே வேண்டாம் என்கிறார்களா, வேறு வழியில் போகச் சொல்கிறார்களா என்று விசாரித்து, அதை அப்படியே எழுதுங்கள்.