மாட்ரிட்டுக்கு வரும் விமானப்படைத் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். விமானப்படையில் 20 வருடம் டெக்னீஷியனாக இருந்து சார்ஜென்ட்டாக ஓய்வு பெற்றிருக்கிறீர்கள். மாட்ரிட்டில் வேலை பார்க்கும் மனைவியோடு சேர மகனைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறீர்கள். வாடகை, குளிர், பள்ளிக்கூடம், கறிவேப்பிலை என்று எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அங்கே என் சர்வீஸுக்கு மதிப்பு இருக்குமா? பழைய நிலைக்கு வர எத்தனை வருடம் ஆகும்?"

நான் அந்தக் கடைசி வரிக்குத்தான் பதில் எழுதப்போகிறேன். வாடகையும் பள்ளிக்கூடமும் உங்கள் மனைவிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கறிவேப்பிலை லாவாபியெஸ் என்ற மாட்ரிட் பேட்டையின் கடைகளில் கிடைக்கும். கோட்டு இங்கே வந்து வாங்குங்கள், ஊரில் வாங்குவது இந்தக் குளிருக்கு ஆகாது.

நான் கோயம்புத்தூரில் பம்ப் செட் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தவன். எனக்குக் கீழே 14 பேர். 2004 ஏப்ரலில் இங்கே வந்தேன். "டெக்னீஷியன் வேலை" என்று சொல்லிப் பணம் வாங்கிய ஏஜென்ட் அதன்பிறகு போனையே எடுக்கவில்லை. முதல் ஒன்பது மாதம் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவினேன். சூடான சோப்புத் தண்ணீரில் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, மைக்ரோமீட்டர் பிடித்த கை இதுதானா என்று ராத்திரி பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மாவிடம் போனில் "நல்ல கம்பெனி" என்று சொன்னேன். உங்கள் கடைசி வரியைப் படித்ததும் அந்தப் போன் பூத்துதான் ஞாபகம் வந்தது.

அப்போது நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்துகொள்வதற்கு எம்பத்ரோனாமியென்தோ என்று பெயர். அதற்கு விசா தேவையில்லை, பாஸ்போர்ட்டும் இருக்கும் வீட்டுக்கு ஒரு அத்தாட்சியும் போதும். நான் தங்கியிருந்த அறை நம்ம ஊர்க்காரர் ஒருவருடையது. ஒரே அறையில் ஆறு பேரை வைத்திருந்ததால், யாரையும் பதிவு செய்ய விடவில்லை. "பதிஞ்சா போலீஸ் வரும்" என்று பயம் காட்டினார். நானும் நம்பினேன். 2005-ல் அரசு ஆவணமில்லாதவர்களுக்குக் குடியிருப்பு அனுமதி தர மூன்று மாதம் கதவைத் திறந்தது. வேலை ஒப்பந்தமும், 2004 ஆகஸ்ட் 7-க்கு முன்னால் பதிவான முகவரியும் கேட்டார்கள். லட்சக்கணக்கானவர்களுக்குக் கிடைத்தது. என்னிடம் ஒப்பந்தம் தர முதலாளி இருந்தார், அந்த ஒரு தாள் இல்லை. மூன்று வருடம் இங்கே இருந்ததை நிரூபித்து, அர்ராய்கோ (இங்கே வேரூன்றிவிட்டேன் என்று காட்டி அனுமதி வாங்குவது) வழியாக 2008-ல்தான் குடியிருப்புக் கார்டு கைக்கு வந்தது. அதற்குள் அப்பா போய்ச்சேர்ந்துவிட்டார். காரியத்துக்கு என்னால் போக முடியவில்லை. அதனால் இங்கே வரும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்கிறேன்: முறையான விசாவில் வந்தாலும் இறங்கிய வாரமே நகராட்சிக்குப் போங்கள். பள்ளி, மருத்துவ அட்டை எல்லாவற்றுக்கும் அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள்.

அந்த வீட்டிலிருந்து கோஸ்லாடாவுக்கு மாறினேன். மாட்ரிட்டுக்குக் கிழக்கே, பராஹாஸ் விமான நிலையத்தை ஒட்டிய ஊர். பாதித் தெருக்களில் ருமேனிய மொழிதான் கேட்கும். பக்கத்து அறையில் ஒரு ருமேனியப் பெரியவர், பிரஷோவ் பக்கம் ஹெலிகாப்டர் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது 2007-ல்தான், அதனால் அப்போது அவரும் என்னைப்போலத்தான், ஆவணம் இல்லாமல் கட்டட வேலையில் செங்கல் தூக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில், ராத்திரி சூப் குடித்துக்கொண்டே அவர்தான் பஸூவின் கதையைச் சொன்னார்.

பஸூ என்பது செல்லப்பெயர். முழுப்பெயர் கான்ஸ்டன்டின் காண்டாகுசினோ, 1905-ல் புக்கரெஸ்ட்டில் பிறந்தவர், ருமேனியாவின் மிகப் பழைய பிரபுக் குடும்பங்களில் ஒன்று. தாத்தா நாட்டின் பிரதமராக இருந்தவர். சொத்து அவ்வளவு இருந்ததால் ஊரில் அவருக்குப் பட்டப்பெயரே "நபாபுல்", நம்ம நவாப்தான் அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது. அம்மா பின்னாளில் மணந்தது இசைமேதை ஜார்ஜ் எனெஸ்குவை, உலகப் புகழ் வயலின் கலைஞர் யெஹுதி மெனுஹினுக்கு வயலின் சொல்லிக்கொடுத்த எனெஸ்குதான். பஸூ பனி ஹாக்கியில் தேசிய அணிக்கு ஆடினார், கார், மோட்டார் சைக்கிள் எதையும் விடவில்லை, ஆகாயத்தில் குட்டிக்கரணம் போடுவதில் நாட்டின் சாம்பியன். போர் வந்ததும் சண்டை விமானி ஆகி, ருமேனியாவின் முதல் வரிசை ஏஸ்களில், அதாவது எதிரி விமானங்களை நிறைய வீழ்த்திய விமானிகளில், ஒருவரானார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1941 முதல் 1944 ஆகஸ்ட் வரை ருமேனியா ஹிட்லரின் பக்கம் நின்று போரிட்டது. யாஷியிலும் ஒடெஸ்ஸாவிலும் யூதர்களைக் கொன்ற அரசின் சின்னத்தோடுதான் இவர் விமானமும் பறந்தது. அந்தப் பெரியவர் இதைப் பேசமாட்டார், அதில் எனக்கும் அவருக்கும் சண்டையே வந்திருக்கிறது. விமானியின் திறமையைச் சொல்லும்போது அவர் யாருக்காகப் பறந்தார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

1944 ஆகஸ்ட் 23-ல் இளம் மன்னர் மிகாய் சர்வாதிகாரி அந்தோனெஸ்குவைக் கைது செய்தார், நாடு பக்கம் மாறியது. மறுநாளே ஜெர்மானியர்கள் புக்கரெஸ்ட்டில் குண்டு போட்டார்கள். ப்ளோயெஷ்த் எண்ணெய் ஆலைகளைத் தாக்க வந்து விழுந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க விமானப்படையினர் ருமேனியாவில் கைதிகளாக இருந்தார்கள். அவர்கள் அங்கே இருப்பதை இத்தாலியில் இருக்கும் அமெரிக்கத் தளத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டும். கைதிகளில் மூத்தவர் லெப்டினன்ட் கர்னல் ஜேம்ஸ் கன். முதலில் அவரை ஏற்றிக்கொண்டு போன விமானம் எஞ்சின் கோளாறால் திரும்பிவிட்டது. அப்போது பஸூ, என் மெசர்ஷ்மிட்டில் கூட்டிப்போகிறேன் என்றார். உங்களுக்குத் தெரியாததா, மெசர்ஷ்மிட் 109 என்ற ஜெர்மன் சண்டை விமானத்தில் ஒரே ஒரு இருக்கை. வால் பக்க உடம்புக்குள் இருந்த ரேடியோவைக் கழற்றிவிட்டு, அந்தப் பொந்தில் கன்னை மடக்கிப் படுக்கவைத்து, தகட்டை வெளியிலிருந்து திருகாணி போட்டு மூடினார்கள். வழியில் ஏதாவது ஆனால் அந்த மனிதரால் வெளியே குதிக்க முடியாது. அமெரிக்கர்கள் சுட்டுவிடக் கூடாதே என்று விமானத்தின் உடம்பில் பெரிதாக அமெரிக்கக் கொடியை வரைந்தார்கள். ஆகஸ்ட் 27-ல் கிளம்பி, சுமார் இரண்டு மணி நேரத்தில் இத்தாலியில் ஃபோஜியா பக்கத்திலிருந்த தளத்தில் இறங்கினார். இரண்டு நாளில் அமெரிக்கர்கள் கொடுத்த மஸ்டாங் சண்டை விமானத்தை, அதுவரை தொட்டே பார்க்காத விமானத்தை, தானே ஓட்டிக்கொண்டு புக்கரெஸ்ட் திரும்பினார். பின்னாலேயே கைதிகளை ஏற்றிப்போக பி-17 என்ற பெரிய குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. சில நாட்களில் 1100-க்கும் மேற்பட்டவர்கள் வீடு திரும்பினார்கள்.

இந்த இடம் வந்தால் பெரியவர் எழுந்து நின்றுவிடுவார். ஒரு கையை மடக்கி, தகட்டுக்குப் பின்னால் அந்த மனிதர் எப்படிப் படுத்திருந்தார் என்று காட்டுவார்.

அப்புறம் நடந்ததுதான் உங்களுக்கு முக்கியம். சோவியத் படை தங்கியது, கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தார்கள், 1949-க்குள் பிரபுக்களின் நிலம் கடைசி ஏக்கர் வரை போயிற்று. போருக்குப் பிறகு பயணிகள் விமானம் ஓட்டிக்கொண்டிருந்த பஸூ, நாற்பதுகளின் கடைசியில் நாட்டை விட்டு வெளியேறினார், பிறகு ஸ்பெயின். இங்கே அவருக்கு எஸ்டேட் இல்லை, தாத்தாவின் மாளிகை இல்லை, இளவரசர் என்ற பட்டத்தை வைத்து ஒரு வேளைச் சாப்பாடு வாங்க முடியாது. ஆனால் விமானத்தைத் தலைகீழாகப் பறக்கவைக்க அவருக்குத் தெரியும். இங்கிருந்த ருமேனியர்கள் கைகொடுத்து ஒரு விமானம் வாங்க உதவினார்கள். வான்சாகசக் காட்சிகளில் பறந்து பிழைத்தார். ஆயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பிவைத்தவர், நாற்பது வயதுக்கு மேல், டிக்கெட் வாங்கி வந்த கூட்டத்துக்கு முன்னால் பறந்தார். 1958 மே 26-ல் இதே மாட்ரிட்டில், வயிற்றில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனார், வயது 52. திரும்பி ஊரைப் பார்க்கவே இல்லை.

மன்னர் மிகாயும் அப்படித்தான். 1947 டிசம்பர் 30-ல் முடியைப் பறித்து வெளியே அனுப்பினார்கள். இங்கிலாந்தில் கோழிப்பண்ணை வைத்தார். பிறகு ஜெனீவாவில் லியர் நிறுவனத்துக்கு விமானங்களைச் சோதித்துக்கொடுக்கும் பைலட் வேலை. ஹிட்லரின் கூட்டாளியைக் கைது செய்த மன்னர் தினமும் வேலைக்குப் போனார், தம்பி. ஊரிலேயே தங்கியவர்கள் நன்றாக இருந்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். டான் விஸான்டி என்று இன்னொரு ஏஸ், புது ஆட்சியில் சிறைக்குப் போய், கிடைத்த கூலி வேலையெல்லாம் செய்து, 1977-ல் 67 வயதில் பிரான்சுக்குக் குடிபெயர்ந்தார்.

அதே காலத்தில் மாட்ரிட்டில் வேறு விதமான ருமேனியர்களும் இருந்தார்கள். இரும்புப் படை என்ற ருமேனியப் பாசிச இயக்கத்தின் பழைய ஆட்கள், முன்னாள் அதிகாரிகள். "அமெரிக்கர்கள் வருகிறார்கள், அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பிவிடலாம்" என்று காத்திருந்து, யார் உண்மையான தலைவர் என்று ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டே வயதானவர்கள். ஊரில் கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்தது 1989 டிசம்பரில்தான். நம்மவர்களிடமும் இதைப் பார்த்துவிட்டேன். 15 வருடம் இங்கே இருந்தும் ஸ்பானிஷில் முழுசாக ஒரு வாக்கியம் பேசாமல், "ஊரில் நான் யார் தெரியுமா" என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் பேசுகிறவர்கள். அவர்களோடு உட்காராதீர்கள். என் முதல் இரண்டு வருடத்தை அங்கேதான் தொலைத்தேன். பெரியவர்தான் என்னைக் கையைப் பிடித்து மாலை நேர மொழி வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைத்தார். அந்த மொழியை வைத்துத்தான் 2009-ல், ஊரெல்லாம் வேலை போய்க்கொண்டிருந்தபோது, ஒரு சின்ன லேத் பட்டறையில் நுழைந்தேன். இன்றைக்கு அந்தப் பட்டறையில் ஒரு பங்கு என்னுடையது.

சரி, உங்கள் விஷயம். சார்ஜென்ட் என்ற ரேங்க்கை இங்கே யாரும் கேட்கமாட்டார்கள். பழைய நிலை என்று ஒன்று இங்கே உங்களுக்காகக் காத்திருக்கவில்லை, அதற்கு வருடக் கணக்குப் போடாதீர்கள். ஆனால் உங்கள் கைக்கு இங்கே நிச்சயம் வேலை இருக்கிறது. பராஹாஸில் பெரிய பராமரிப்புக் கூடங்கள், மாட்ரிட்டுக்குத் தெற்கே ஹெதாஃபேயில் ஏர்பஸ் ஆலை. அதற்கு ஐரோப்பாவின் பார்ட்-66 என்ற விமானப் பராமரிப்பு உரிமம் வேண்டும். பாடம் பாடமாகத் தேர்வு எழுத வேண்டும். ராணுவ அனுபவத்தைக் கணக்கில் எடுப்பார்கள், ஆனால் அதற்கு மேல் சிவில் விமானத்தில் கொஞ்ச காலம் வேலை செய்து காட்டவும் வேண்டும். அதனால் கிளம்புவதற்கு முன் எந்த விமானம், எந்த எஞ்சின், எத்தனை வருடம் என்று கையெழுத்தும் முத்திரையும் போட்ட தாள்களை வாங்கிவிடுங்கள். இங்கே வந்தபின் அதை வாங்குவது பெரும்பாடு. உரிமம் வரும்வரை உதவியாளாகச் சேரச் சொன்னால் சேருங்கள். உங்களைவிட 15 வயது சின்னப் பையன் "ஸ்பானரை எடு" என்பான். எடுத்துக்கொடுங்கள்.

2016-ல் பெரியவரோடு புக்கரெஸ்ட்டுக்குப் போயிருந்தேன். விக்டோரி சாலையில் பஸூவின் தாத்தா கட்டிய அந்த மாளிகை இன்றைக்கு எனெஸ்கு அருங்காட்சியகம். வாசலில் இரண்டு கல் சிங்கங்கள், மேலே சிப்பி மாதிரி விரிந்த கண்ணாடிக் கூரை. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். பெரியவர் படிக்கட்டின் கைப்பிடியை ஒரு ஃபிட்டர் பார்க்கிற மாதிரி தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல வேலை" என்று மட்டும் சொன்னார்.

இப்போது அவர் ஊரில் இருக்கிறார், வாரம் ஒரு தடவை பேசுவோம். நீங்கள் வந்ததும் ஒரு நாள் குவாத்ரோ வியென்தோஸ் பழைய விமானத்தளத்துக்குப் போகலாம், அங்கே ப்யூக்கர் மாதிரிப் பழைய விமானங்களைப் பறக்கும் நிலையிலேயே வைத்திருக்கிறார்கள். மகனையும் கூட்டி வாருங்கள். நகராட்சிக்குத் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், செவ்வாய்க்கிழமை காலையில் எனக்குப் பட்டறை கிடையாது.